2007 டெவெஸ் விசயம்: மச்சானும் நானும் இன்னும் ஒண்ணா மெட்ச் பாக்கல

கவ்வாத்துக்கத்தி:
எல்லாருக்கும் வணக்கம். இங்க வாசிக்கத்தான் வருவேன், எழுதுனது ரொம்பக் கொறவு. 2025 மே 24 வெம்ப்ளியில, பிரீமியர் லீக்குக்கு ஏறுறதுக்கான பைனல்ல எங்க ஷெபீல்ட் யுனைடட் சண்டர்லாண்ட்கிட்ட 2-1 தோத்துச்சுல்ல, 95வது நிமிசத்துல கோல் வாங்கி, அன்னக்கி ராத்திரி எனக்கு நித்திரயே இல்ல. அந்த சீசன் தொடங்கும்போதே எங்களுக்கு 2 பொயின்ட் வெட்டித்தான் தொடங்குனாங்க, மத்த கிளப்புக்கு குடுக்க வேண்டிய காச நேரத்துக்கு குடுக்கலன்னு. தப்பு செஞ்சோம், வெட்டுனாங்க, அதுல எனக்கு பேச்சு இல்ல. ஆனா படுத்திருக்கையில 2007 தான் திரும்பத் திரும்ப வந்துச்சு. காசு குடுக்கப் பிந்துனதுக்கு 2 பொயின்ட்னா, பொய் சொல்லி டெவெஸ எறக்குன வெஸ்ட்ஹாமுக்கு ஏன் ஒரு பொயின்ட் கூட வெட்டல?

இலங்க மலையில இருந்துக்கிட்டு எங்கடா ஷெபீல்ட்னு கேப்பீங்க. எங்க தாத்தா நோர்வூட் பக்கத்துத் தோட்டத்துல தேயிலச் செடிக்கு கவ்வாத்து வெட்டுனவரு. அவரு கத்தியில இங்கிலீஸ்ல ஷெபீல்ட்னு குத்தியிருக்கும். நான் இங்கிலீஸ் எழுத்துக் கூட்டி வாசிச்ச மொத சொல்லே அதுதான். பொறகு பேப்பர்ல புட்போல் பக்கத்துல அதே பேர பாத்தேன், அவங்களுக்கு செல்லப் பேரே பிளேட்ஸ், கத்திங்க. அன்னக்கி புடிச்சது.

மச்சான், அதாவது என் மாமா மகன், வெஸ்ட்ஹாம். அவன் அக்காவ ஈஸ்ட்ஹாமுல கட்டிக் குடுத்தது, அவங்க அனுப்புன அரக்கு கலரும் நீலமுமான ஜேர்சிய தொவச்சுத் தொவச்சுப் போடுவான். ரெண்டு வீடும் ஒரே லயம், நடுவுல மூணு காம்பரா தான். டிவி அவங்க வீட்டுல, டிஷ்ஷுக்கு நானும் பாதி காசு போட்டிருந்தேன்.

2007 மே 13 ஞாயித்துக்கெழம. நம்ம நேரத்துக்கு ராத்திரி ஏழரைக்கு எல்லா மெட்சும் ஒண்ணா தொடங்குது. பிரீமியர் லீக்ல இருந்து கீழ எறங்காம தப்பிக்க எங்களுக்கு சொந்த மைதானத்துல விகனோட ஒரு டிரோ போதும். வெஸ்ட்ஹாமுக்கு ஓல்ட் டிரஃபர்ட்ல மான்செஸ்டர் யுனைடட்டோட. டிவியில அந்த மெட்ச் தான் போட்டான், எங்க ஸ்கோர் கீழ எழுத்துல மட்டுந்தான் வரும். விகன் மொத கோல், அப்புறம் ஸ்டெட் சமப்படுத்துனாரு, உசிரு வந்துச்சு. ஹாஃப் டைமுக்கு கொஞ்சம் முந்தி ஜாகியெல்கா கையில பந்து பட்டு பெனல்டி. அத அடிச்சது யாரு, அன்ஸ்வர்த். அதே சீசன்ல ஜனவரி வரைக்கும் எங்க டீமுல இருந்தவரு, எங்களுக்காக ஒரு பெனல்டிய விட்டவரு. 2-1. கிட்டத்தட்ட அதே நேரம் அந்தப் பக்கம் டெவெஸ் கோல் அடிச்சிட்டான். அதுக்கப்புறம் ரெண்டு மைதானத்துலயும் ஒண்ணும் மாறல. வெஸ்ட்ஹாம் தப்பிச்சது, நாங்க எறங்கிட்டோம்.

மெட்ச் முடிஞ்சதும் மச்சான் எந்திரிச்சுப் போயி அலுமாரிக்கு மேல இருந்த பட்டாசுக் கட்ட எடுத்தான். அது ஏப்ரல் 28 கிரிக்கெட் வேர்ல்ட் கப் பைனலுக்குன்னு ரெண்டு பேரும் காசு போட்டு ஹட்டன் டவுன்ல வாங்குனது, அவுஸ்திரேலியாகிட்ட தோத்ததால கொளுத்தாம கெடந்துச்சு. அத எங்க வாசலுக்கு நேரா வச்சு கொளுத்துனான். என் காசுல வாங்குன பட்டாசு, என் வாசல்ல. லயமே வேடிக்க பாத்துச்சு.

அன்னையில இருந்து ஒண்ணா ஒரு மெட்ச் பாக்கல. கலியாணம், சாவு, திருவிழா எல்லாத்துலயும் பாத்துக்குவோம், சாப்பிட்டியான்னு கேப்போம், அவ்வளவு தான். இங்க வெஸ்ட்ஹாம் ஆளுங்க இருந்தா ஒரு பதில் சொல்லுங்க.

லிந்துலை_ரெட்:
அண்ணே நான் லிவர்பூல், 2007ல சின்னப் பையன். டெவெஸ் விசயம்னு சொல்றாங்க, உண்மையில என்ன நடந்துச்சுன்னு யாராவது ஒழுங்கா சொல்லுங்களேன். வாடகைக்கு எடுத்தாங்களா, கள்ளத்தனமா வந்தாரா?

கவ்வாத்துக்கத்தி:
தம்பி, 2006 ஆகஸ்ட் 31 கடைசி நாள்ல டெவெஸும் மஸ்கெரானோவும் வெஸ்ட்ஹாமுக்கு வந்தாங்க. ரெண்டு பேரும் ஆர்ஜென்டீனா டீம் ஆளுங்க, இவங்க எப்பிடி இங்கன்னு ஊரே கேட்டுச்சு. பொறகு தெரிஞ்சது, அவங்க உரிமை கிளப்புகிட்ட இல்ல, வெளிக் கம்பெனிங்ககிட்ட இருந்துச்சு. அவங்க நெனச்ச நேரம் ஆள எடுத்து வேற எடத்துக்கு விக்கலாம்னு தனியா ஒப்பந்தம். லீக் சட்டப்படி வெளியாளு ஒரு கிளப்புக்குள்ள அப்பிடி கை வைக்க ஏலாது. அந்தக் கடதாசிகள காட்டாம மறச்சு, அப்பிடி ஒண்ணும் இல்லன்னும் சொல்லிட்டாங்க. விசாரிச்ச கமிஷன் 2007 ஏப்ரல் 27 தீர்ப்பு குடுத்துச்சு: குத்தம் குத்தம் தான், தண்டம் 5.5 மில்லியன் பவுண், பொயின்ட் வெட்டல. வெளியாள் ஒப்பந்தத்த கிழிச்சாச்சுன்னு சொல்லி டெவெஸ் தொடர்ந்து வெளையாடுனான். அடுத்த நாளே விகன்ல 3-0, அதுக்கடுத்த கெழம போல்டனோட 3-1, அதுல டெவெஸ் ரெண்டு, கடைசியா ஓல்ட் டிரஃபர்ட்ல ஒண்ணு.

இன்னும் ஒண்ணு சொல்றேன், உங்க லிவர்பூலும் மே 5 புல்ஹாமுக்கு எதிரா கிட்டத்தட்ட முழு டீமையும் மாத்தி எறக்கி 1-0 தோத்தாங்க, ஏதென்ஸ்ல சம்பியன்ஸ் லீக் பைனல் இருக்குன்னு. புல்ஹாம் 39 பொயின்டோட தப்பிச்சது. ஆனா அதுல எனக்கு கோவம் இல்ல. ஆள மாத்துறது சட்டத்துல இருக்கு.

ஈஸ்ட்ஹாம்_ஹட்டன்:
நான் பதில் சொல்றேன். ஹட்டன்ல பொறந்து 2004ல இருந்து ஈஸ்ட்ஹாமுல இருக்கிறவன். அந்த சீசன்ல வெஸ்ட்ஹாமோட அப்டன் பார்க்ல நாலு மெட்ச் நேர்ல பாத்தேன், கிரீன் ஸ்ட்ரீட்ல மரக்கறி வாங்கப் போற வழியில தான் அப்ப மைதானமே இருந்துச்சு. எங்க ஆளுங்க இவ்வளவு பேரு இருக்கிற எடத்துல, வந்த புதுசுல பாஷ சரியா வராத காலத்துல, என்னய பக்கத்துல நிக்க விட்டு தோள்ல கை போட்டது அந்த மைதானத்துல தான். அதனால இது எனக்கு லேசுப்பட்ட விசயம் இல்ல.

தம்பி, ஒப்பந்தம் பிழை. அத நான் மறுக்க மாட்டேன். ஆனா டெவெஸ் தனியாளா காப்பாத்துனான்னு சொல்றது சரியில்ல. அவன் மொத கோல் அடிச்சதே மார்ச் 4, டொட்டன்ஹாமுக்கு எதிரா, அந்த மெட்சே 4-3 தோத்தோம். அது வரைக்கும் அவன் இருந்தும் தோத்துக்கிட்டுத் தான் இருந்தோம். கடைசி 9 மெட்ச்ல 7 ஜெயிச்சோம், அதுல ஆர்சனல் மைதானத்துல ஸமோரா அடிச்ச ஒரு கோலும் கோல்கீப்பர் கிரீன் தடுத்த தடுப்பும் தான், டெவெஸ் கோல் இல்ல. ஏப்ரல் 14 உங்க மைதானத்துல நீங்க எங்கள 3-0 அடிச்சீங்க, அன்னக்கும் டெவெஸ் எங்க ஆள் தான். அவ்வளவு தூரம் முன்னுக்கு இருந்த நீங்க கடைசி நாள் சொந்த சனத்துக்கு முன்னால ஒரு டிரோ எடுக்கல. அதுக்கு நாங்க என்ன செய்ய? உங்களத் தோக்கடிச்சது விகன். விகன் மேல கோவம் இல்லாம எங்க மேல மட்டும் ஏன்?

கவ்வாத்துக்கத்தி:
அண்ணே, விகன் எங்கள நேரா அடிச்சான், மழையில நனஞ்சுக்கிட்டு வந்து ஜெயிச்சிட்டுப் போனான். விகன் ஆளு மெக்கலக் ரெட் கார்ட் வாங்கி அவங்க பத்து பேரானதுக்கப்புறமும் நாங்க ஒரு கோல் அடிக்கல. அது எங்க குத்தம், அத வச்சு யாரோடயும் கோவிக்க எனக்கு உரிமை இல்ல.

ஆனா கணக்க பாருங்க. வெஸ்ட்ஹாம் 41. விகன் 38, நாங்க 38. கோல் வித்தியாசம் விகன் மைனஸ் 22, நாங்க மைனஸ் 23, வெஸ்ட்ஹாம் மைனஸ் 24. வெறும் 3 பொயின்ட் வெட்டியிருந்தா நீங்களும் 38, ஒரு கோல் வித்தியாசத்துல நீங்க கீழ, நாங்க மேல. பத்து பொயின்ட் கேக்கல, மூணே மூணு. 2008ல லோர்ட் கிரிஃபித்ஸ் தலைமையில விசாரிச்ச தீர்ப்புலயும் டெவெஸால உங்களுக்கு கொறஞ்சது 3 பொயின்ட் கெடச்சதுன்னு தான் சொன்னாங்க. எண்ணிக்க கூட அதே எண்ணிக்க.

கமிஷன் பொயின்ட் வெட்டாததுக்கு சொன்ன காரணங்கள்ல ஒண்ணு தான் என் நெஞ்சுல முள்ளு மாதிரி. கிளப் குத்தத்த ஒத்துக்கிச்சு, முதலாளி மாறிட்டாரு, சீசன் முடியப் போவுது, இதெல்லாம் சரி. அதோட, இப்ப வெட்டுனா ஒண்ணும் அறியாத வெஸ்ட்ஹாம் ரசிகருங்க பாதிக்கப்படுவாங்கன்னும் சொன்னாங்க. ஒங்கள நெனச்சாங்க அண்ணே, நல்லது. எங்கள யாரு நெனச்சா? நாங்க எதுல அறிஞ்சவங்க?

எங்க அம்மா 30 வருசம் கொழுந்து எடுத்தவங்க. கிலோ கொறஞ்சா அரப்பேரு, அதாவது அரை நாள் கூலி தான் போடுவாங்க தெரியும்ல. ஒரு தடவ தராசுல நடந்த பிழையால அம்மாவுக்கு அரப்பேரு விழுந்துச்சு. பிழைன்னு பொறகு கண்டும் புடிச்சாங்க. நிறுத்தவரு தண்டம் கட்டுனாரு, தோட்டத்துக்கு. அம்மாவுக்கு அந்த அரப்பேரு முழுப்பேரா மாறவே இல்ல. கேட்டதுக்கு, அதான் தண்டம் கட்டியாச்சேன்னாங்க. 5.5 மில்லியன் தண்டத்த வெஸ்ட்ஹாம் கட்டுனது லீக்குக்கு. வெட்டுப்பட்டது நாங்க. எனக்கு இந்த விசயம் இங்கிலாந்துல நடந்த மாதிரி தோணவே இல்ல அண்ணே, எங்க மலையில கொழுந்து நிறுக்குற கொட்டகைக்கு முன்னால நடந்த மாதிரி இருக்கு.

மஸ்கெலியா_டீச்சர்:
அரப்பேரு கதைய வாசிச்சு அப்பிடியே உக்காந்துட்டேன். எங்க அம்மாவும் அதே தான். மூணு கிலோவுக்கு ஒரு நாள் கூலியில பாதி போச்சுன்னு வந்து அழுத நாள் எனக்கு ஞாபகம். புட்போல் எனக்கு அவ்வளவா தெரியாது, என் ரெண்டு தம்பிமாரும் பைத்தியம். ஆனா ஒண்ணு கேக்குறேன், ஷெபீல்டுக்கு பொறகு காசு கெடச்சதுன்னு தம்பி சொல்றான். அது நட்டஈடு இல்லையா?

கவ்வாத்துக்கத்தி:
கெடச்சது டீச்சர். 2009 மார்ச்ல ரெண்டு கிளப்பும் சமாதானமா போய்ட்டாங்க, கிட்டத்தட்ட 20 மில்லியன் பவுண்னு பேப்பர்கள்ல வந்துச்சு. ஆனா பிரீமியர் லீக்குக்கு திரும்பி வர எங்களுக்கு 12 வருசம், 2019 வரைக்கும். நடுவுல 2011ல மூணாவது டிவிசனுக்கே எறங்கி ஆறு சீசன் அங்கயே கெடந்தோம். கோச் வோர்னொக் அந்த தோல்வியோடயே போய்ட்டாரு, ஜாகியெல்கா எவர்டனுக்குப் போய்ட்டாரு. காசு வந்த நேரம் அந்த டீமே இல்ல.

ஈஸ்ட்ஹாம்_ஹட்டன்:
மூணாவது டிவிசனுக்கு போனதுக்கும் டெவெஸ் காரணமா? நாலு வருசம் இருந்துச்சே அதுக்குள்ள. எங்க கிளப்பும் 2011ல எறங்குனது, அடுத்த வருசமே ஏறி வந்தோம். நிர்வாகம் பிழைச்சா எந்தக் கிளப்பும் விழும். தம்பி, எல்லா நட்டத்தையும் ஒரே மூட்டையில கட்டி எங்க தலையில ஏத்த வேணாம்.

அந்த ரசிகர் விசயம் மட்டும் நீங்க சொன்னது உள்ள எறங்குது. அந்தக் காரணத்த அப்ப வாசிச்சப்ப எனக்கு சந்தோசமா இருந்துச்சு, நம்மளயும் ஒருத்தன் நெனச்சானேன்னு. ஷெபீல்ட் ரசிகன் ஒருத்தன் நோர்வூட்ல இருந்து அதையே வாசிச்சிருப்பான்னு நெனைக்கல.

லிந்துலை_ரெட்:
ஒரு சந்தேகம். அதே ஏப்ரல் 28 வேர்ல்ட் கப் பைனல்ல கில்கிறிஸ்ட் கிளவுஸுக்குள்ள ஸ்குவாஷ் பந்த வச்சு 149 அடிச்சாரே, அதுக்கு நம்ம ஆளுங்க இன்னும் கோவப்படுறாங்க. அதுவும் இதுவும் ஒண்ணா?

கவ்வாத்துக்கத்தி:
இல்ல தம்பி. நானும் அன்னக்கி அழுதவன் தான். ஆனா அத விசாரிச்சு, கிரிக்கெட் சட்டத்த எழுதுற எம்சிசி, சட்டத்துக்கு எதிரா ஒண்ணும் இல்லன்னு சொல்லிருச்சு. அவரும் பொய் சொல்லல. அது வேதனை. இது வேற. இதுல குத்தம்னு தீர்ப்பே இருக்கு.

மஸ்கெலியா_டீச்சர்:
தம்பி கோவிக்காதீங்க, கேக்கணும்னு தோணுது. நீங்க எழுதுனத மூணு தரம் வாசிச்சேன். கமிஷன், பொயின்ட், தண்டம் எல்லாம் சரி. ஆனா உங்க மச்சான் அந்தக் கடதாசிய மறைக்கலயே. அவரு செஞ்சது பட்டாசு கொளுத்துனது. லண்டன்ல எவனோ செஞ்ச பொய்யையும் வாசல்ல வெடிச்ச பட்டாசையும் ஒண்ணா முடிஞ்சு வச்சிருக்கீங்களோன்னு எனக்குப் படுது. அவருகிட்ட என்ன எதிர்பாக்குறீங்க?

கவ்வாத்துக்கத்தி:
டீச்சர், ரெண்டு நாளா யோசிச்சு எழுதுறேன். அவன் வெஸ்ட்ஹாம விடணும்னு இல்ல. மன்னிப்பும் வேணாம். ‘ஒங்களுக்கு அநியாயம் நடந்துச்சுடா’ன்னு ஒரு சொல்லு. இத்தன வருசத்துல ஒரு தடவ கூட சொல்லல. அவன் எப்பவும் ‘41, 38, பாத்துக்க’ன்னு தான். தாத்தாவோட கத்தி கூட அவங்க வீட்டுல தான் இருக்கு, மகன் வீட்டுக்குன்னு போயிருச்சு. ஷெபீல்ட் கத்தி வெஸ்ட்ஹாம் வீட்டுல.

தலவாக்கலை_புதுசு:
வணக்கம். இன்னக்கி தான் சேந்தேன். மருமகன் போன்ல காட்டுனான், கத்திய பத்தி வாசிச்சதும் யாருன்னு தெரிஞ்சிருச்சு. மாப்ள, நான் தான்.

பட்டாசு கொளுத்துனது உண்மை. எத்தனையோ தடவ நெனச்சிருக்கேன், அந்த நேரம் ஒன் மூஞ்ச பாத்திருந்தா கொளுத்தியிருக்க மாட்டேன், நான் டிவியத் தான் பாத்துக்கிட்டிருந்தேன். 28ந் தேதி ராத்திரி நீயும் நானும் அந்தக் கட்ட வச்சுக்கிட்டு விடிய விடிய முழிச்சிருந்தது எனக்கு ஞாபகம் இருந்துச்சு, எதுக்காவது கொளுத்தணும்னு வெறி. அது பிழை. ஒன் வாசல்ல வச்சது பெரிய பிழை. அந்தப் பட்டாசுல பாதி ஒன்னோடது.

ஆனா நீ ஒண்ண எழுதல மாப்ள. 2020 ஜனவரி. ஷெபீல்ட் எங்கள 1-0 ஜெயிச்ச மெட்ச். கடைசி நிமிசத்துல ஸ்நொட்கிராஸ் அடிச்சு 1-1 ஆக்குனாரு, அதுக்கு முந்தி எங்க ரைஸ் கையில பந்து பட்டதுன்னு விஏஆர்ல, வீடியோவ திரும்பப் பாத்து, கோல எடுத்துட்டாங்க. வேணுமின்னு பட்டது இல்ல, ஆனா அந்த வருசச் சட்டம் அப்பிடி, ஏத்துக்கிட்டோம். அப்ப விடிய மூணரை மணி. நீ எனக்கு வொய்ஸ் அனுப்புன. ‘2007க்கு இது தான்டா நட்டஈடு’ன்னு கத்தி சிரிச்சு. அப்பாவுக்கு கருமாதி முடிஞ்சு பத்து நாள் தான். அம்மா பக்கத்துல படுத்திருந்தாங்க, என்னடா அதுன்னு கேட்டாங்க. ஒன் சத்தம்னு சொல்லல, ஏதோ விளம்பரம்னேன். ஒனக்கு அவரு மாமா. ஒன்ன தோள்ல வச்சு டன்பார் கிரவுண்டுக்கு மெட்ச் பாக்க கூட்டிப் போனவரு.

நான் அதுக்குத் தான் கதைக்காம விட்டேன், 2007க்கு இல்ல.

கவ்வாத்துக்கத்தி:
மச்சான். வாசிச்சிட்டேன். கொஞ்ச நேரம் குடு.

கவ்வாத்துக்கத்தி:
அத நான் எழுதாம விட்டது மறந்ததால இல்ல. எழுத ஏலல. அந்த நேரத்துல எனக்கு மாமா ஞாபகமே வரல, கோல எடுத்துட்டாங்கன்னதும் 13 வருசம் ஒண்ணா மேல ஏறிருச்சு. காலையில எந்திரிச்சு டீ குடிக்கையில தான் ஒறச்சது. அழிக்கப் பாத்தேன், நீ கேட்டுட்டன்னு நீலக் கோடு காட்டுச்சு. அதுக்கப்புறம் ஒன் மூஞ்சில முழிக்கவே பயம். நீ கோவமா இருக்கிறது வெஸ்ட்ஹாமுக்காகத் தான்னு நெனச்சுக்கிட்டா எனக்கு லேசா இருந்துச்சு, அப்பிடியே நெனச்சுக்கிட்டேன். மன்னிச்சிரு மச்சான். அத்தைகிட்டயும் நான் வந்து சொல்றேன், அது நான் தான்னு.

ஈஸ்ட்ஹாம்_ஹட்டன்:
ரெண்டு பேரும் போன் எடுத்துக் கதைங்கப்பா. இங்க நாங்க எல்லாரும் வாசிச்சுக்கிட்டு இருக்கோம், இது குடும்ப விசயம்.

மஸ்கெலியா_டீச்சர்:
இல்ல, கதைக்கட்டும். போன்ல கதைச்சா திரும்ப 41, 38ல போயி நிக்கும். எழுதும்போது தான் யோசிச்சு எழுதுறாங்க.

தலவாக்கலை_புதுசு:
அம்மாகிட்ட சொல்ல வேணாம். இப்ப அவங்களுக்கு அவ்வளவா காதும் கேக்காது, பழசக் கிளறி என்ன.

மாப்ள, நீ கேட்ட சொல்லு. அரப்பேரு கதை எனக்கும் தெரியும், எங்க அத்தை தானே. அந்த நாள் ஸ்டோர் வாசல்ல அப்பா போயி சண்ட போட்டாரு ஒங்க அம்மாவுக்காக, ஒனக்கு தெரியுமோ தெரியாது. அத வச்சு நீ சொன்னதுக்கப்புறம் தான் எனக்கு வெளங்குது. நான் இத்தன வருசமா இத ஜெயிச்சதா தோத்ததான்னு மட்டும் பாத்தேன். தராசு பிழைன்னு பாக்கல. ஷெபீல்டுக்கு அநியாயம் நடந்துச்சு. எழுதிட்டேன், யாரு வேணும்னாலும் வாசிக்கட்டும்.

ஆனா டெவெஸ் ஓல்ட் டிரஃபர்ட்ல அடிச்ச கோல் நல்ல கோல். அத நான் விட்டுக்குடுக்க மாட்டேன். கிளப் செஞ்ச பொய் அவன் கால்ல இல்ல.

கவ்வாத்துக்கத்தி:
அது நல்ல கோல் தான். அன்னக்கே எனக்குத் தெரியும்.

அப்பிடின்னாலும் 3 பொயின்ட் வெட்டியிருக்கணும் மச்சான்.

தலவாக்கலை_புதுசு:
ஏப்ரல்ல வெட்டியிருக்கக் கூடாது. செப்டம்பர்லயே விசாரிச்சு டெவெஸ வெளையாட விடாம நிப்பாட்டியிருக்கணும், அது தான் முறை. கண்டுபுடிக்க அவ்வளவு பிந்துனது லீக்கோட குத்தம்.

கவ்வாத்துக்கத்தி:
கடதாசிய மறச்சா லீக் எப்பிடிக் கண்டுபுடிக்கும்?

தலவாக்கலை_புதுசு:
அது வீட்டுக்கு வா, கதைப்போம். ஞாயித்துக்கெழம நான் வேலைக்குப் போகல. கத்திக்கு புதுசா புடி போட்டிருக்கேன், எழுத்து கொஞ்சம் தேஞ்சிருக்கு, ஆனா ஷெபீல்ட்னு வாசிக்கலாம்.

கவ்வாத்துக்கத்தி:
ஹட்டன்ல இருந்து எட்டு மணி பஸ்ஸுக்கு ஏறுறேன். அத்தைக்கு என்ன வாங்கிட்டு வரணும்னு சொல்லு.